எங்கே இருக்கிறது அந்தப் பம்பு? பேரிடர் நேரத்தில் உள்ளாட்சிகள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டுமானால்

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் ஒரு செய்தி தவறாமல் வருகிறது: வெளி மாவட்டங்களிலிருந்து மோட்டார் பம்புகள் வரவழைக்கப்பட்டன, பிற நகராட்சிகளின் தூய்மைப் பணியாளர்கள் புறப்பட்டனர், மின்வாரிய ஊழியர்கள் லாரிகளில் வந்து சேர்ந்தனர். மறுநாளே மக்கள் கேட்கிறார்கள்: இத்தனை ஆட்களும் இயந்திரங்களும் வந்தும் எங்கள் தெருவில் ஏன் இன்னும் தண்ணீர் நிற்கிறது? வந்தவை போதவில்லையா, பொருந்தவில்லையா, வேறு இடத்துக்குப் போய்விட்டனவா?

விடையின் பெரும்பகுதியை, மழைக்கு ஆறு மாதம் முன்பே ஏதோ ஓர் அலுவலகத்தில் நிரப்பப்பட்ட பட்டியலில் தேட வேண்டும். எந்த ஊரில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு வேலை செய்யும், யார் இயக்குவார்கள், எத்தனை மணி நேரத்தில் கிளம்பும் என்று சொல்லும் பட்டியல் அது. அது எப்படி அமைய வேண்டும், இன்றைக்கு எங்கே கோட்டை விடுகிறது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில் சில சொற்கள்

வளம் என்பதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். பம்பு, படகு, ஜெனரேட்டர், பொக்லைன், மரம் அறுக்கும் இயந்திரம் போன்றவை கருவிகள். பம்பு இயக்குநர், மின் கம்பியாளர், நீச்சல் தெரிந்த மீட்பாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் பயிற்சி பெற்ற மனிதர்கள். டீசல், தார்ப்பாய், மணல் மூட்டை, குளோரின், பால் பவுடர் ஆகியவை தீர்ந்துபோகும் பொருள்கள்.

பரஸ்பர உதவி என்றால், ஓர் உள்ளாட்சி தன் வளத்தை இன்னொன்றுக்கு, முன்கூட்டியே பேசி முடித்த நிபந்தனைகளின்படி, திரும்பப் பெறும் உரிமையோடு கொடுப்பது. கொடுத்துவிட்டு மறந்துவிடும் நிவாரணத்திலிருந்து இது வேறுபட்டது. இன்று கொடுப்பவர் நாளை கேட்பவராகலாம் என்பதுதான் இதன் அடித்தளம்.

மூன்றாவது, தரப்படி. ‘பம்பு’ என்பது இனம். அந்த இனத்துக்குள் இது முதல் படியா, மூன்றாம் படியா என்று அளவு வைத்துச் சொல்வது தரப்படி. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி எழலாம். அரக்கோணத்தில் அந்தப் படையின் ஒரு பட்டாலியன் இருக்கிறது. இடிபாட்டிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் உயிர்களை மீட்பதில் அவர்களின் திறமை பெரிது. ஆனால் தெருத் தண்ணீரை இறைப்பது, விழுந்த மரத்தை அகற்றுவது, சாக்கடை அடைப்பை எடுப்பது, குடிநீர் வண்டி ஓட்டுவது ஆகியவை உள்ளாட்சியின் வேலை. அதைச் செய்ய இன்னோர் உள்ளாட்சியின் ஆளும் கருவியும்தான் வர முடியும்.

‘மோட்டார் பம்பு – 12’ என்று எழுதினால் என்ன தெரியும்?

ஒரு நகராட்சியின் பட்டியலில் ‘மோட்டார் பம்பு – 12’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பட்டியல்கள் இப்படித்தான் எழுதப்படுகின்றன. இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒரு கணக்குப் போடலாம். 300 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலமுள்ள தெருவில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. அது 1,500 கன மீட்டர், அதாவது 15 லட்சம் லிட்டர். வினாடிக்கு 50 லிட்டர் இறைக்கும் பம்பு இதை முடிக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வினாடிக்கு 200 லிட்டர் இறைக்கும் பம்பு இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். மழை தொடர்ந்து பெய்தாலோ முதல் பம்பு இரவெல்லாம் ஓடியும் நீர்மட்டம் இறங்காமலே போகலாம். பட்டியலில் இரண்டும் ‘ஒரு பம்பு’தான்.

குதிரைத்திறனை மட்டும் எழுதுவதும் போதாது. குழாயின் விட்டம் 6 அங்குலத்திலிருந்து 12 அங்குலமானால் அதன் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகிறது. பெரிய எஞ்சினைச் சிறிய குழாயில் மாட்டினால் டீசல்தான் வீணாகும்.

அடுத்து ஆழம். தரைக்கு மேல் நிற்கும் பம்பு தண்ணீரை உறிஞ்சி மேலே கொண்டுவரும் உயரத்துக்கு இயற்கை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. காற்றழுத்தத்தின் கணக்குப்படி அது ஏறத்தாழ 10 மீட்டர். நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டுவது கடினம். எனவே ஆழமான சுரங்கப்பாதையின் மேல்விளிம்பில் பம்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. பம்பைச் சரிவில் கீழே இறக்க வேண்டும், அல்லது நீர்மூழ்கி மோட்டார் வேண்டும். நீர்மூழ்கி மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். வெள்ளம் சூழ்ந்த பகுதியில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருப்பார்கள். ஆகவே ஜெனரேட்டரும் சேர்ந்து வர வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால் அந்த ஜெனரேட்டர் கணிசமாகப் பெரியதாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு வரிக்குள் அடங்கும் விஷயங்கள். இவை இல்லாமல் பட்டியல் போடுவது, நோயாளிக்கு ‘மாத்திரை – 12’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பதைப் போன்றது.

பொருந்தாத குழாய்களின் வரலாறு

தரம் ஒன்றாக இல்லாவிட்டால் உதவி வந்தும் பயனற்றுப் போகும் என்பதை அமெரிக்கா விலை கொடுத்துக் கற்றது. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது வாஷிங்டனிலிருந்தும் வேறு நகரங்களிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் ரயிலேறி வந்தன. வந்தவற்றில் பலவற்றின் குழாய் இணைப்புகள் பால்டிமோரின் தெருவோரத் தீயணைப்புக் குழாய்வாய்களோடு பொருந்தவில்லை. ஏறத்தாழ 1,500 கட்டடங்கள் அழிந்தன. அதன் பிறகே இணைப்புகளுக்குத் தேசியத் தரம் வகுக்கும் பணி வேகம் பிடித்தது. தரம் வகுத்ததாலேயே எல்லா ஊரும் அதற்கு மாறிவிடவில்லை. 1991-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப் பகுதியில் 25 உயிர்களைப் பறித்த தீயின்போதும், ஓக்லாந்தின் குழாய்வாய் 3 அங்குலமாகவும், உதவிக்கு வந்தவர்களின் குழாய் இரண்டரை அங்குலமாகவும் இருந்தன.

அதே கலிபோர்னியாதான் இதற்கான நல்ல வழிமுறையையும் உருவாக்கியது. 1950-லேயே அங்கு மாநிலம், மாவட்டங்கள், நகரங்கள் அனைத்தும் சேர்ந்த பரஸ்பர உதவி ஒப்பந்தம் ஏற்பட்டது. உதவி செய்யப்போய்த் தன் சொந்த ஊரை நியாயமற்ற அளவுக்கு வெறுமையாக்கிக்கொள்ள எந்த ஊரும் கடமைப்பட்டதல்ல என்பது அதிலுள்ள முக்கிய விதி. 1970-இன் பெருந்தீக்களுக்குப் பின், வண்டிகளைத் தரப்படி பிரித்துக் கேட்கும் முறை வளர்ந்தது. ஒரே தரப்படியைச் சேர்ந்த ஐந்து தீயணைப்பு வண்டிகள், அவற்றுக்கு ஒரு தலைவர், எல்லோருக்கும் பொதுவான வானொலி அலைவரிசை என்று ஓர் அணியாகவே கேட்பார்கள், அணியாகவே அனுப்புவார்கள். கேட்பவரும் கொடுப்பவரும் மனத்தில் ஒரே பொருளை வைத்துப் பேசுகிறார்கள் என்பதே இதன் பலன்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

சட்டமும் இருக்கிறது, இணையத்தளமும் இருக்கிறது.

2001 குஜராத் பூகம்பத்தின்போது, இடிபாடுகளை வெட்டும் கருவிகள் நாட்டில் எங்கே கிடைக்கும் என்ற தகவல் உடனடியாகக் கையில் இல்லாதது பெரும் குறையாக உணரப்பட்டது. அதன் பின் மத்திய உள்துறை அமைச்சகம், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு 2003-இல் இந்தியப் பேரிடர் வளங்கள் வலையமைப்பு என்ற இணையவழிப் பட்டியலைத் தொடங்கியது. கருவிகள், திறன்பெற்ற மனிதர்கள், அத்தியாவசியப் பொருள்கள் ஆகியவற்றை மாவட்டவாரியாகப் பதிவு செய்வது அதன் நோக்கம். தகவலைச் சேர்ப்பது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு.

2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பேரிடர் மேலாண்மைக்கான வளங்களை எந்நேரமும் பயன்படுத்தத் தக்க நிலையில் பராமரிப்பதை உள்ளாட்சிகளின் கடமையாக்குகிறது. 65-ஆவது பிரிவின்படி, மீட்புப் பணிக்குத் தேவையான வாகனங்களையும் பிற வளங்களையும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கையகப்படுத்திப் பயன்படுத்தலாம். 66-ஆவது பிரிவு அதற்கான இழப்பீட்டைச் சொல்கிறது. அதாவது தனியார் பொக்லைனைக்கூட ஆட்சியர் கேட்டு வாங்க முடியும். ஆனால் அது எந்த ஊரில், யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் அந்த அதிகாரத்துக்கு அர்த்தம் உண்டு. தமிழ்நாட்டில் 25 மாநகராட்சிகள், அவற்றோடு நகராட்சிகள், பேரூராட்சிகள், ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள். இத்தனை இடங்களிலிருந்தும் தகவல் ஒரே அளவுகோலில் வர வேண்டும். குறை சட்டத்தில் இல்லை என்பதே என் கருத்து. படிவத்தை நிரப்பும் விதத்தில்தான் குறை இருக்கிறது.

ஒரு பதிவில் என்னென்ன வேண்டும்?

1. என்ன வேலையை எவ்வளவு செய்யும். பம்புக்கு வினாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம். ஜெனரேட்டருக்கு எத்தனை கே.வி.ஏ. படகுக்கு எத்தனை பேர், எவ்வளவு ஆழமுள்ள தண்ணீரில் மிதக்கும்.

2. எதோடு இணையும். குழாய் விட்டம், இணைப்பின் வகை, கூடவே வரும் குழாயின் நீளம். பம்பு வந்து குழாய் வராத நிலையை இந்த ஒரு வரி தடுத்துவிடும். இணைப்பை மாற்றித்தரும் அடாப்டர்களையும் இங்கேயே குறிக்க வேண்டும். விலை சொற்பம், இல்லாவிட்டால் இழப்பு பெரிது.

3. யார் இயக்குவார்கள். இரவு பகலாக ஓட வேண்டிய இயந்திரத்துக்கு ஓர் ஆள் போதாது. குறைந்தது இரண்டு முறைப்பணிக்கு ஆள் வேண்டும்; பழுது பார்ப்பவர் ஒருவராவது வேண்டும்.

4. எதில் ஏறி வரும். சக்கரம் வைத்த டிரெய்லரா, லாரியில் ஏற்ற வேண்டியதா, ஏற்றி இறக்க கிரேன் வேண்டுமா. டிராக்டர் இழுத்து வரும் பம்பு பக்கத்து ஊருக்குச் சரி; கோவையிலிருந்து சென்னை வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு அது சரிப்படாது.

5. அழைப்பு வந்து எத்தனை மணி நேரத்தில் கிளம்பும். ஞாயிறு நள்ளிரவில் என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

6. என்ன தின்னும். முழுச் சுமையில் ஓடும் 50 குதிரைத்திறன் டீசல் எஞ்சினுக்கு மணிக்கு ஏறத்தாழ 9 முதல் 10 லிட்டர் டீசல் வேண்டும். ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல். வெள்ளத்தில் பெட்ரோல் நிலையங்கள் மூடிக்கிடக்கும்போது இதை யார் தருவது?

7. எத்தனையை வெளியே கொடுக்கலாம், எத்தனையைத் தனக்கு வைத்துக்கொள்ளும். மொத்த எண்ணிக்கை வேறு, கொடுக்கக்கூடிய எண்ணிக்கை வேறு.

8. கடைசியாக இயக்கிப் பார்த்த தேதி, பார்த்தவரின் பதவி.

படகு விஷயத்தில் கேரளம் காட்டியது

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் கடல் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். அரசுக் கணக்கின்படி 669 படகுகள், ஏறத்தாழ 65,000 பேர் மீட்பு. எந்தப் பட்டியலும் இவர்களை அனுப்பி வைக்கவில்லை. உடன்பிறந்த துணிச்சலும் கடலில் பழகிய கைகளும் அவர்களைக் கொண்டுசேர்த்தன. அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அந்த ஒரு பயணத்துக்குள் என்னென்ன தேவைப்பட்டன என்று பாருங்கள். படகு ஏற்றும் அளவுக்கு நீளமான லாரி. ஏற்றவும் இறக்கவும் ஆட்கள். வெளிப்பொருத்து எஞ்சினும் எரிபொருளும். தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் மதில் சுவரும் கேட்டும் எங்கே என்று சொல்ல ஓர் உள்ளூர்க்காரர். மதிலில் மோதி விசிறி உடைந்தால் மாற்ற இன்னொன்று. வெள்ளத்துக்குப் பின், படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக மாநில அரசு அறிவித்தது. வேலை முடிந்த பிறகு பேசப்பட்ட இந்தத் தொகை, முன்பே எழுதிவைக்கப்பட வேண்டிய ஒன்று.

‘படகு’ என்று பதிவு செய்யும்போது, அதன் சொந்தக்காரர், கூட வரும் இரண்டு மூன்று பேர், லாரி, எரிபொருள், நாள் வாடகை, சேத இழப்பீடு எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் பதிவு செய்வதே சரியான முறை. அமெரிக்க மாநிலங்களுக்கிடையே 1996-இல் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்ற உதவி உடன்படிக்கையின்கீழ் இப்படித்தான் ஆயத்தக் கட்டுகள் தயாரிக்கிறார்கள். செலவு மதிப்பீடும் அதிலேயே இருக்கும். கேட்பவர் ஒரு கட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி மீனவக் கிராமங்களுக்கு இதை அப்படியே பொருத்தலாம்.

மனிதர்களைப் பட்டியலிடுவது

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். வெளியூர்க் குழு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், எந்த மின்மாற்றி எந்தத் தெருவுக்கு மின்சாரம் தருகிறது என்பது அதற்குத் தெரியாது. கம்பியில் மின்சாரம் இல்லை என்று தவறாக நினைத்தால் உயிர் போகும். எனவே ஒவ்வொரு வெளியூர்க் குழுவுக்கும் உள்ளூர் ஊழியர் ஒருவரை இணைப்பது கேட்கும் ஊரின் கடமை. அந்த உள்ளூர் ஊழியர்களின் பெயர்ப் பட்டியலும் முன்பே இருக்க வேண்டும்.

தூய்மைப் பணியாளர்கள் விஷயத்தில் இதைவிடக் கூடுதல் கவனம் தேவை. எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையைத்தான் செய்திகள் சொல்கின்றன. அவர்கள் எங்கே படுப்பார்கள், முழங்கால் வரை உயரமுள்ள பூட்ஸும் கையுறையும் எல்லோருக்கும் உண்டா, எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்து மருத்துவ அறிவுரைப்படி கொடுக்கப்பட்டதா, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, பணியில் அடிபட்டால் இழப்பீடு தருவது, அனுப்பிய நகராட்சியா, வரவழைத்த நகராட்சியா? ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்பவருக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதாமல் ‘பணியாளர்கள் – 200’ என்று அனுப்புவது நியாயமல்ல. சொந்த வீட்டில் தண்ணீர் நின்றாலும் கிளம்பி வருகிறவர்கள் அவர்கள்.

யாரிடம் கேட்பது?

பக்கத்து ஊர்தான் முதலில் உதவும் என்பது இயல்பான எண்ணம். சிறு தீவிபத்துக்கு அது சரி. புயலோ ஒரே நேரத்தில் கடலோரம் முழுவதையும் தாக்குகிறது. கடலூருக்குத் தேவை வரும்போது விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் அதே தேவை வந்திருக்கும். அதனால் கடலோர மாவட்டம் ஒவ்வொன்றும் மேற்கு மாவட்டம் ஒன்றோடு முன்கூட்டியே இணைந்திருப்பது நல்லது.

அதிலும் ஓர் எச்சரிக்கை. 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய ஃபெஞ்சல் புயல், உள்நாட்டுக்குள் நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியது. கடலோரத்துக்கு உதவ வேண்டிய மாவட்டமே உதவி கேட்கும் நிலைக்கு வந்துவிடலாம். ஒரு துணை போதாது. வெவ்வேறு திசைகளில் குறைந்தது இரண்டு துணைகள் வேண்டும்.

திரும்பப் பெறும் விதியும் இங்கேதான் முக்கியமாகிறது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி வாக்கில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டே வாரத்தில், டிசம்பர் 17, 18 தேதிகளில், தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. இப்படிப்பட்ட மாதத்தில், வடக்கே அனுப்பிய கருவி இப்போது எங்கே நிற்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். அனுப்பிய தேதி, சேர்ந்த தேதி, விடுவித்த தேதி மூன்றும் பட்டியலிலேயே ஏற வேண்டும். அழைத்தவுடன் திருப்பி அனுப்பும் உறுதி எழுத்தில் இருந்தால்தான் அடுத்த முறை எந்த ஆணையரும் மனம் ஒப்பிக் கொடுப்பார்.

2025 திருத்தத்துக்குப் பின் எழும் சிக்கல்

பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்கு 2025-இல் வந்த திருத்தத்தில் இங்கே கவனிக்க வேண்டிய மாற்றங்கள் இரண்டு. தேசிய, மாநில அளவில் பேரிடர்த் தரவுத்தளம் ஏற்படுத்தப்பட வேண்டும். மாநிலத் தலைநகருக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும், மாநில அரசு விரும்பினால், தனியே நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கலாம். அதற்கு மாநகராட்சி ஆணையர் தலைவர், மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவர்.

மாநகராட்சிக்குத் தன் கருவிகள் நன்றாகத் தெரியும் என்பதால் இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரே மாவட்டத்தில் ஆட்சியரிடம் ஒரு பட்டியல், ஆணையரிடம் இன்னொரு பட்டியல் என்று ஆனால், ஒரே பம்பு இரண்டிலும் எண்ணப்படும். ஒரே தனியார் பொக்லைனை இருவரும் ஒரே இரவில் கேட்பார்கள். பட்டியல் ஒன்றாகவும் பார்க்கும் உரிமை இருவருக்கும் பொதுவாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் கொடுத்து அதைக் கருவியின் மேலேயே பெயின்டால் எழுதிவிட்டால் இரட்டை எண்ணிக்கை நின்றுவிடும்.

பட்டியலில் என்ன பொதுவெளிக்கு வரலாம் என்பதும் தீர்மானிக்கப்பட வேண்டும். தனியாரின் கைபேசி எண்ணும் முகவரியும் வரக் கூடாது. எந்த ஊரில் என்ன திறனுள்ள கருவி எத்தனை, கடைசியாக எப்போது இயக்கிப் பார்க்கப்பட்டது என்பவை வரலாம். மக்கள் பணத்தில் வாங்கியவற்றை மக்கள் தெரிந்துகொள்வதில் தடை இருக்க முடியாது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 15-ஆம் தேதியும் அக்டோபர் 2-ஆம் தேதியும் கிராம சபைகள் கூடுகின்றன. இரண்டுமே வடகிழக்குப் பருவமழைக்கு முன் வருபவை. ஊராட்சியின் பேரிடர் வளப் பட்டியலை ஆகஸ்ட் கூட்டத்தில் படித்துக்காட்டி, ஓடாத கருவியைப் பழுது பார்த்து, அக்டோபர் கூட்டத்துக்கு வெளியே அதை இயக்கிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ தேவையில்லை.